ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யத்தான் வேண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் டிடிபி வேலையில் தொடங்கி, அங்கே சிஸ்டம் மக்கர் செய்யும்போதெல்லாம் திருப்புளியோடு உட்காரப் போய், அதுவே தொழிலாகிவிட்டது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, எந்த மென்பொருளைப் போட்டால் சிஸ்டம் வேகமாகும் என்றுதான் கேட்கின்றன. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காரைக்குடி): வணக்கம் அம்மா. 2014-இல் வாங்கிய மேசைக் கணினி. ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. பொத்தானை அழுத்திவிட்டுக் காபி குடித்து வந்தாலும் திறந்திருக்காது. பேரன் ஒரு கிளீனர் போட்டுக் கொடுத்தான். அது 1,284 பிழைகள் என்று சிவப்பு எழுத்தில் காட்டி, பணம் கட்டினால் எல்லாவற்றையும் சரிசெய்வதாகச் சொல்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் சார். அந்த 1,284-இல் உங்கள் சிஸ்டத்தை மெதுவாக்கும் பிழை ஒன்றுகூட இருக்க வாய்ப்பில்லை.

ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் அதில் போட்ட மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளை எழுதி வைத்துக்கொள்ளும் பதிவேடு. ஒரு மென்பொருளை நீக்கினால் அதன் பதிவுகள் சில அப்படியே கிடக்கும். அவற்றை எண்ணித்தான் பிழை என்று சிவப்பில் காட்டுகிறார்கள். விண்டோஸ் அந்தப் பதிவேட்டை முதலிலிருந்து கடைசி வரை வாசிப்பதில்லை. தேவையான பதிவு இருக்கும் இடத்துக்கு நேரே போய் எடுத்துக்கொள்ளும். ஆயிரம் உதவாத பதிவு கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வேகம் குறையாது. ஆனால் தேவையான ஒன்றைக் கிளீனர் தூக்கிவிட்டால் பிரிண்டர் மூச்சு விடாது, கணக்கு மென்பொருள் திறக்காது, சில நேரம் விண்டோஸே ஏறாது. மைக்ரோசாஃப்ட்டே ஒரு காலத்தில் ரெக்கிளீன் என்று ஒன்றை வெளியிட்டுப் பிறகு கைவிட்டது. இன்றைக்கு ரெஜிஸ்ட்ரி கிளீனர் பயன்படுத்துவதை ஆதரிப்பதில்லை என்று அதன் கொள்கையிலேயே எழுதி வைத்திருக்கிறது. சந்தேகம் இருந்தால், இப்போதுதான் விண்டோஸ் போட்ட புது சிஸ்டம் ஒன்றில் இந்த மாதிரி கிளீனரை ஓட்டிப் பாருங்கள். அதிலும் பிழை என்று ஒரு பட்டியல் வரும்.

பேரன் எந்தக் கிளீனர் போட்டார் என்று நீங்கள் எழுதவில்லை. பெயர் பெற்றவையாக இருந்தாலும் கவனம் வேண்டும் என்பதற்கு சிசிகிளீனர் கதை ஒன்று போதும். பிரிஃபார்ம் என்ற லண்டன் நிறுவனம் செய்தது. ஒரு காலத்தில் எங்கள் மாதிரி கடைகளில் அது இல்லாத சிஸ்டமே கிடையாது. 2017 ஜூலையில் அவாஸ்ட் நிறுவனம் பிரிஃபார்மை வாங்கியது. ஆகஸ்ட் 15-ஆம் தேதி வெளியான 5.33 பதிப்பின் 32 பிட் நிரலுக்குள் யாரோ தீய நிரலைச் செருகியிருந்தார்கள். நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து, நிறுவனத்தின் கையொப்பத்தோடேயே அது இறங்கியது. ஏறத்தாழ 22 லட்சத்து 70 ஆயிரம் பேரின் கணினிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, செப்டம்பரில்தான் வெளியே தெரிந்தது. ஊடுருவியவர்களின் உண்மையான குறி பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள்; நம்மைப் போன்றவர்கள் வழியில் மாட்டியவர்கள். கணினியின் எல்லா மூலைக்கும் போகும் உரிமையை ஒரு மென்பொருளுக்குக் கொடுத்தால், அதைச் செய்தவர் வீட்டில் திருட்டுப் போனாலும் நஷ்டம் நமக்குத்தான்.

சரி, உங்கள் சிஸ்டத்துக்கு வருவோம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட்அப் என்ற பகுதிக்குப் போங்கள். பொத்தானை அழுத்தியதும் தானாக எழுந்து உட்காருபவை எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். வைரஸ் தடுப்பு, ஒலிக்கான டிரைவர், தமிழ் தட்டச்சுக் கருவி தவிர மற்றதை டிஸேபிள் செய்யலாம். எதுவும் அழிந்துவிடாது, வேண்டும்போது நீங்களே திறந்துகொள்ளலாம்.

அப்புறம் அதே டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்ற பத்தியைப் பாருங்கள். திறந்த முதல் சில நிமிடங்களுக்கு 100 சதவீதத்தில் நிற்கும் என்று இங்கிருந்தே சொல்கிறேன். கோளாறு அதுதான். ஹார்டு டிஸ்க்கில் முள் நகர்ந்து ஓர் இடத்தைத் தேடிப் படிக்க ஏறத்தாழ 10 மில்லி விநாடி ஆகும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. பத்தில் ஒரு மில்லி விநாடி போதும். விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைப் படிக்கிறது. இந்த வித்தியாசத்தை எந்தக் கிளீனராலும் ஈடுகட்ட முடியாது. கிளீனருக்குக் கட்ட இருந்த பணத்தை ஒரு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி வாங்கும் கணக்கில் சேர்த்துவிடுங்கள். இன்னொரு 4 ஜிபி ராமும் போடலாம். உங்கள் போர்டுக்கு டிடிஆர்3 வகைதான் பொருந்தும். கடைக்காரர் டிடிஆர்4 எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள், குழிக்குள் இறங்காது.

பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுக்க குளோன்ஸில்லா என்ற இலவசக் கருவி உண்டு. ஆனால் அது சாதாரணமாக, மூல டிஸ்க்கைவிடச் சிறிய டிஸ்க்குக்கு நகலெடுக்காது. 256 ஜிபி வாங்குவதாக இருந்தால், கடிதங்களையும் படங்களையும் தனியே எடுத்து வைத்துக்கொண்டு புதிதாகவே போட்டுவிடுவது சுலபம்.

ஒரு விஷயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறை முதல்தான் அதிகாரபூர்வமாக இடம். ரூஃபஸ் என்ற கருவியில் பென் டிரைவ் தயாரித்தால் அந்தத் தடையைத் தாண்டிப் போட முடியும். முடியும் என்பதற்காக மைக்ரோசாஃப்ட் அதற்குப் பொறுப்பேற்காது. பத்திரிகை வாசிக்க, கடிதம் அடிக்க, பேரனோடு வீடியோவில் பேச என்றால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளுங்கள். வாத்தியார் ஆட்களுக்குப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வதில் தயக்கம் இருக்காது என்பது என் அனுபவம்.

கேள்வி (திருமணப் புகைப்படக்காரர், பொள்ளாச்சி): அக்கா, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பார்த்தேன். என் 2 டிபி ஹார்டு டிஸ்க்குக்கு மஞ்சள் நிறத்தில் காஷன் என்று வருகிறது. ஆனால் படங்கள் எல்லாம் திறக்கின்றன. ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். இன்னொன்று: ஒரு நிச்சயதார்த்தத்தின் மெமரி கார்டைப் படங்களை எடுக்காமலே கேமராவில் ஃபார்மட் செய்துவிட்டேன். மீட்க முடியுமா?

பதில்: முதலில் கார்டு. அதை உடனே கேமராவிலிருந்து கழற்றி வையுங்கள் தம்பி. மேலே ஒரு படம்கூட எடுக்காதீர்கள். கேமராவில் செய்யும் ஃபார்மட் பெரும்பாலும் கோப்புகளின் பட்டியலை மட்டும்தான் அழிக்கும். படத்தின் தரவு, அதன் மேல் வேறு படம் எழுதப்படும் வரை அங்கேயேதான் இருக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவி, பட்டியலைப் பார்க்காமல் கார்டை முழுக்க நடந்து, ஜேபெக் இப்படித் தொடங்கும், கேனன் ரா இப்படித் தொடங்கும், நிக்கான் ரா இப்படித் தொடங்கும் என்று அடையாளம் பார்த்துத் தோண்டி எடுக்கும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக இருக்கும், பயப்படாதீர்கள். அதன் கூடவே வரும் க்யூஃபோட்டோரெக் சாதாரண ஜன்னலில் ஓடும். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்கக் கூடாது, கணினியில் சேமியுங்கள். பழைய கோப்புப் பெயர்கள் திரும்ப வராது. படம் எடுத்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்திக்கொள்ளலாம்.

கார்டில் நடக்கும் இந்த வேலை லேப்டாப் எஸ்எஸ்டியில் நடக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எஸ்எஸ்டியில் ஒரு கோப்பை அழித்ததும், இந்த இடம் இனி வேண்டாம் என்று விண்டோஸ் டிஸ்க்குக்குச் சொல்லிவிடும். ட்ரிம் என்று அதற்குப் பெயர். டிஸ்க்கும் ஓய்வாக இருக்கும்போது அந்த இடத்தைக் காலி செய்துவிடும். பிறகு எந்த மென்பொருளுக்குக் காசு கொடுத்தாலும் பெரும்பாலும் வெறும் பூஜ்யங்கள்தான் கிடைக்கும்.

இனி டிஸ்க். எல்லா டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது; ஸ்மார்ட் என்பது அந்தக் குறிப்பேடு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ அதைப் படித்துக் காட்டுகிறதே தவிர, எதையும் சரிசெய்வதில்லை. எனக்கு அதைப் பிடிப்பதற்குக் காரணமும் அதுதான். பட்டியலில் நான்கு வரிகளை மட்டும் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போனதால் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின், அதாவது தரவு எழுதும் சின்னச் சின்னக் கட்டங்களின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் தகராறு செய்து, இன்னும் தீர்ப்பு வராமல் நிற்கும் செக்டர்கள். சி6 என்பது திருத்தவே முடியாதவை. இந்த மூன்றில் ஒன்று பூஜ்யத்தைத் தாண்டினாலே அது மஞ்சள் காட்டும். நான்காவது, சி7. அது ஏறினால் டிஸ்க்கைச் சந்தேகப்படும் முன் சாட்டா கேபிளைச் சந்தேகப்படுங்கள். கேபிளை மாற்றியதும் எண் அப்படியே நின்றுவிட்டால் டிஸ்க் தப்பித்தது. டிஸ்க் போச்சு என்று புது டிஸ்க் விற்கப்பட்டு, பழைய கேபிளோடு அதே தகராறு தொடர்ந்து, என் மேசைக்கு வந்த சிஸ்டம்கள் உண்டு.

அந்த எண்கள் பதினாறை அடியாகக் கொண்ட முறையில் இருக்கும். ஏ, பி, சி என்று எழுத்து கலந்து வருவது அதனால்தான். ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர், அதற்குள் ரா வேல்யூஸ், அதில் 10 என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுத்தால் நமக்குப் பழகிய எண்ணாக மாறும். இன்றைக்கு 05, சி5, சி6 மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். 8 என்பது 8-ஆகவே இருந்தால் அந்த டிஸ்க் இன்னும் சில காலம் ஓடலாம், ஆனால் முக்கியமானதை அதில் மட்டும் வைக்கக் கூடாது. 8 என்பது 40 ஆகியிருந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டுத்தான் மறுவேலை.

நண்பர் சொன்ன ஃபார்மட்டில் பாதி உண்மை இருக்கிறது. முழு ஃபார்மட் டிஸ்க் முழுவதும் எழுதிப் பார்ப்பதால், நிலுவையில் இருந்த சி5 செக்டர்களுக்குத் தீர்ப்பு வந்து அந்த எண் பூஜ்யமாகும். அதே நேரம் 05 ஏறலாம். கெட்ட இடம் கெட்ட இடம்தான், பத்தி மாறி உட்கார்ந்திருக்கும். ஒருவர் வீட்டுக் கல்யாணத்தின் ஒரே பிரதியை அந்த டிஸ்க்கில் வைக்க உங்களுக்கு மனம் வருமா? ஒன்று ஸ்டுடியோவில், ஒன்று வீட்டில் என்று இரண்டு பிரதி வையுங்கள். ஆல்பம் கொடுத்து முடிக்கும் வரைக்குமாவது. அப்புறம், யுபிஎஸ் இல்லாமல் எடிட்டிங் செய்கிறீர்களா? எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவது ஹார்டு டிஸ்க்குக்கு நல்லதல்ல.

கேள்வி (கணக்கர் அலுவலக ஊழியர், சிவகாசி): சி டிரைவ் சிவப்பாகிவிட்டது. எதை அழிப்பது என்றே தெரியவில்லை.

பதில்: எது இடத்தை அடைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். வின்டர்ஸ்டாட் என்பது பழைய, இலவசக் கருவி. பெரிய கோப்பு பெரிய கட்டமாக, சிறியது சிறிய கட்டமாக வண்ணத்தில் காட்டும். விஸ்ட்ரீ அதே வேலையைச் சில விநாடிகளில் செய்துவிடும். கோப்பு ஒவ்வொன்றையும் தேடிப் போகாமல் டிஸ்க்கின் முதன்மை அட்டவணையை நேரடியாகப் படித்துவிடுகிறது. ஆனால் அது சொந்த உபயோகத்துக்குத்தான் இலவசம், அலுவலகத்துக்கு உரிமம் வாங்க வேண்டும். கணக்கர் அலுவலகத்தில் இருப்பவருக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அலுவலகச் சிஸ்டம்களில் நான் அடிக்கடி பார்ப்பது: வாட்ஸ்அப்பில் வந்த வீடியோக்கள், எப்போதோ எடுத்த கணக்கு மென்பொருள் பேக்கப்புகள், டவுன்லோட்ஸில் ஒரே பிடிஎஃப் (1), (2), (3) என்று. விண்டோஸ் கோப்புறைக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று பூதம்போல் தெரியும். கை வைக்காதீர்கள். அதிலுள்ள பல கோப்புகள் வேறு இடத்தில் இருக்கும் அதே கோப்பின் இன்னொரு பெயர்தான்; இரண்டு முறை எண்ணப்படுவதால் பெரிதாகத் தெரிகிறது. விண்டோஸ்.ஓல்டு என்று இருந்தால் அது பழைய பதிப்பு. பொதுவாகப் பத்து நாளில் தானே போய்விடும். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ், அதற்குள் டெம்பரரி ஃபைல்ஸ் போய் அழிக்கலாம். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்ற வரியும் இருக்கும். அதற்கு நேரே டிக் போட்டுவிட்டு, ரிட்டர்ன் பிடிஎஃப் எல்லாம் போச்சு என்று யாரும் போன் செய்யாதீர்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி, வேலூர்): அக்கா, லேப்டாப்பில் ஆங்கில எழுத்து 'எச்' வேலை செய்யவில்லை. கீபோர்டு மாற்ற நிறைய கேட்கிறார்கள். செமஸ்டர் முடியும் வரை எப்படியாவது ஓட்ட வேண்டும்.

பதில்: ஓட்டலாம். விண்டோஸ் 95 காலத்தில் பவர்டாய்ஸ் என்று ஒரு கருவித் தொகுப்பு இருந்தது. இடையில் நின்றுபோய், 2019-இல் திறமூலமாக மைக்ரோசாஃப்ட் மீண்டும் தொடங்கியது. இலவசம். அதில் கீபோர்டு மேனேஜர் என்று ஒன்று. நீ பயன்படுத்தாத விசை ஏதாவது, கேப்ஸ்லாக் என்று வைத்துக்கொள்வோம், அதை 'எச்' ஆக மாற்றிவிடலாம்.

ஒரே சிக்கல்: பவர்டாய்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அது நடக்கும். உள்நுழையும் திரையில் பவர்டாய்ஸ் கிடையாது. உன் பாஸ்வேர்டில் 'எச்' இருந்தால் வாசலிலேயே நிற்பாய். அந்தத் திரையின் வலது கீழ் மூலையில் அக்ஸெஸிபிலிட்டி படத்தை அழுத்தினால் திரைக் கீபோர்டு வரும், அதில் அடிக்கலாம். இல்லையென்றால் ஷார்ப்கீஸ் என்ற சிறு கருவி. அது மாற்றத்தை ரெஜிஸ்ட்ரியிலேயே எழுதிவிடுவதால் உள்நுழையும் திரையிலும் வேலை செய்யும். எழுதிய பிறகு ஒரு முறை ரீஸ்டார்ட் செய். விசை செத்துப்போகாமல் தானாக எச்எச்எச்எச் என்று அடித்துக்கொண்டே இருக்கும் நோய் வந்தாலும், இதே கருவியில் அந்த விசையை மட்டும் அணைத்து வைக்கலாம். அதற்கு முன்னால் லேப்டாப்பை அணைத்து, கவிழ்த்து, மெதுவாகத் தட்டிப் பார். எங்கள் ஊரில் வெயில் காலத்தில் கீபோர்டுக்குள் எறும்பு குடும்பம் நடத்தும்.

கேள்வி (ஜெராக்ஸ் கடைக்காரர், கோவில்பட்டி): வாடிக்கையாளர் பென் டிரைவைச் செருகினால் எல்லாக் கோப்புறையும் ஷார்ட்கட்டாக மாறிவிடுகிறது. ஆண்டிவைரஸ் போட்டும் திரும்பத் திரும்ப வருகிறது.

பதில்: அண்ணாச்சி, கோப்புகள் எங்கேயும் போகவில்லை. இது பென் டிரைவ் வழியாகப் பரவும் வைரஸ், புழு என்போம். அந்தப் புழு அசல் கோப்புறையை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை முன்னால் வைக்கிறது. நீங்கள் அதை இரட்டைக் கிளிக் செய்ததும் கோப்புறையும் திறக்கும், பின்னால் புழுவும் கணினிக்குள் ஏறும். முன்பெல்லாம் செருகினாலே ஏறிவிடும். 2011-இல் பழைய விண்டோஸ்களுக்கும் பென் டிரைவ் ஆட்டோரன்னை மைக்ரோசாஃப்ட் அணைத்துவிட்டதால், இப்போது நம் கையாலேயே கிளிக் செய்ய வைக்கிறது.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வியூ பகுதிக்குப் போய், மறைந்த கோப்புகளைக் காட்டு என்பதை இயக்குங்கள். பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறை என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் பெயரே இல்லாத ஒரு மங்கலான கோப்புறை தெரியும். வாடிக்கையாளரின் ஹால் டிக்கெட், பயோடேட்டா எல்லாம் அதற்குள்தான். வேண்டியதை வெளியே எடுத்துவிட்டு, ஷார்ட்கட்டுகளை அழித்துவிடுங்கள். தனிக் கோப்புகளும் மறைந்திருந்தால், அட்ரிப் என்ற பழைய டாஸ் கட்டளை அந்த மறைப்பை நீக்கும்.

திரும்ப வருவதற்குக் காரணம், புழு உங்கள் சிஸ்டத்திலேயே குடியிருப்பது. விண்டோஸ் டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் என்று இருக்கிறது. விண்டோஸ் முழுதாக ஏறும் முன்பே தேடுவதால் ஒளிந்திருப்பவை மாட்டும். நிரந்தரமாகத் தீர வேண்டுமென்றால், மூலையில் கிடக்கும் பழைய சிஸ்டம் ஒன்றில் லினக்ஸ் போட்டு, வாடிக்கையாளர் பென் டிரைவுகளை அதில் மட்டும் செருகுங்கள். விண்டோஸுக்கென்று எழுதிய இந்த ஷார்ட்கட் அங்கே ஓடாது.

கேள்வி (சனசமூக நிலைய நூலகர், யாழ்ப்பாணம்): எங்களிடம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய மலர்களின் கோப்புகள் நிறைய உள்ளன. புதிய கணினியில் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. யூனிகோடுக்கு மாற்ற எது நல்லது?

பதில்: ஐயா, கோப்பு கெடவில்லை. உண்மையில் அதற்குள் இருப்பதே ஆங்கில எழுத்துகள்தான். அந்த இடங்களில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்ததுதான் பாமினி. எழுத்துருவை நிறுவினால் தமிழாகத் தெரியும். ஆனால் தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது. மாற்றிவிடுவதே நல்லது. என்எச்எம் கன்வர்ட்டர் கணினியிலேயே இறக்கி வைத்துக்கொள்ளக்கூடியது. பாமினி, டாப், திஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களை அறியும்.

இரண்டு இடங்களில் இடறும். ஒன்று, மலரில் நடுநடுவே ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் பாமினி என்று நினைத்துப் புரியாத தமிழாக்கிவிடும். வேர்டில் ஒரு பாமினிச் சொல்லின் மேல் நின்று, ஒரே வடிவமைப்புள்ள எல்லா எழுத்தையும் தேர்ந்தெடு என்ற வசதியைப் பயன்படுத்தி, அந்தப் பகுதிகளை மட்டும் மாற்றுங்கள். இரண்டாவது, பாமினியில் கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பிறகு அடிப்போம். யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. கன்வர்ட்டர் அதை இடம் மாற்றித் தந்துவிடும், ஆனால் வரி உடையும் இடங்களிலும், ஒரு எழுத்துக்கு இரண்டு கொம்பு தவறாக அடித்த இடங்களிலும் பிசகும். ஒரு மலரை மாற்றியதும் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டு, எந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்று குறித்துக்கொண்டால், மற்றவற்றைத் தேடி மாற்றும் வசதியாலேயே திருத்தலாம். மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள். பாமினி எழுத்துருக் கோப்பையும் அவற்றோடேயே சேர்த்து வையுங்கள்.

இனிப் புதிதாக அடிப்பதற்கு, 2019 மே மாதப் புதுப்பிப்பிலிருந்து விண்டோஸிலேயே தமிழ் ஒலிபெயர்ப்பு விசைப்பலகை இருக்கிறது. தமிழ்99 பழகியவர்களுக்கு இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் இரண்டும் உண்டு. பாமினி விசை அமைப்பே விரலில் ஊறியிருந்தால் அதையும் என்எச்எம் ரைட்டரில் வைத்து, யூனிகோடாக வெளியே எடுக்கலாம்.

சில கேள்விகளுக்குச் சுருக்கமாக. ராம் பூஸ்டர் போடலாமா என்கிறார் ஓசூர் வாசகர்: வேண்டாம். ராமில் இருப்பதை டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டுக் காலியாகக் காட்டும். அடுத்த நிமிடம் அதையே டிஸ்க்கிலிருந்து திரும்ப எடுக்க வேண்டும், இன்னும் மெதுவாகும். டிரைவர் அப்டேட்டர்? வேண்டாம். விண்டோஸ் அப்டேட்டின் ஆப்ஷனல் பகுதியும் லேப்டாப் கம்பெனியின் தளமும் போதும். எஸ்எஸ்டியை டீஃப்ராக் செய்யவா, அதாவது சிதறிக் கிடக்கும் கோப்புகளை வரிசையாக அடுக்கவா? நீங்கள் செய்யத் தேவையே இல்லை, ட்ரிம் உள்பட அதற்கு வேண்டியதை விண்டோஸே பார்த்துக்கொள்ளும். திரையில் கடிகாரம், மழை நிலவரம் எல்லாம் அழகாக வைக்க ஆசைப்படும் நாமக்கல் தம்பிக்கு: ரெய்ன்மீட்டர் போடு, லேசானது, பிடிக்காவிட்டால் நீக்கிவிடலாம். விண்டோஸின் சொந்தக் கோப்புகளைத் திருத்தும் தீம்கள் வேண்டாம். அடுத்த அப்டேட்டில் டாஸ்க்பாரே காணாமல் போகும். யாரோ கத்தரித்து யூடியூபில் தரும் லைட் விண்டோஸும் வேண்டாம். எதைக் கத்தரித்தார், எதைச் சேர்த்தார் என்று உனக்குத் தெரியாது.

கேள்வி (வாசகி, அம்பத்தூர்): இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் சொந்த சிஸ்டத்தில் என்னென்ன வைத்திருக்கிறீர்கள்?

பதில்: அதிகம் இல்லை. கோப்புகளைச் சுருக்கவும் பிரிக்கவும் செவன்-ஜிப். பெயரின் நாலு எழுத்தை அடிப்பதற்குள் கோப்பைக் காட்டிவிடும் எவ்ரிதிங். இது இல்லாமல் எனக்குக் கை ஓடாது. படங்களை மொத்தமாகச் சிறிதாக்க, பெயர் மாற்ற பவர்டாய்ஸ். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. வாடிக்கையாளர் சிஸ்டங்களுக்கு வென்டாய் போட்ட ஒரு பென் டிரைவ், அதில் விண்டோஸ், லினக்ஸ், குளோன்ஸில்லா எல்லாம் ஒன்றாக இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, விண்டோஸுக்குள் என்ன நடக்கிறது என்று காட்டும் கருவிகளின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பு. மார்க் ரஸ்ஸினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் என்ற இருவர் 1996-இல் தொடங்கியது. ரஸ்ஸினோவிச் 2005 அக்டோபரில் ஒளிந்திருக்கும் மென்பொருளைக் கண்டுபிடிக்கத் தான் எழுதிய ரூட்கிட்ரிவீலரைத் தன் சொந்தக் கணினியில் ஓட்டிப் பார்க்க, அதில் ஏதோ ஒளிந்திருப்பதாகக் காட்டியது. துருவிப் போனால், சோனி பிஎம்ஜி இசைத்தட்டு ஒன்றைக் கணினியில் போட்டபோது, நகலெடுப்பதைத் தடுக்கவென்று அது தானே மறைவாக ஏற்றிய மென்பொருள். அவர் எழுதி அம்பலப்படுத்தியதும் உலகமெங்கும் சத்தமாகி, அந்த நிறுவனம் தட்டுகளைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டே சிஸ்இன்டர்னல்ஸை மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. கருவிகள் இன்றும் இலவசம். அதிலுள்ள ஆட்டோரன்ஸ், டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியல் காட்டாத மூலைகளையும் காட்டும். முதலில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறை என்ற வசதியை இயக்குங்கள், பட்டியல் பாதியாகும். சந்தேகமானதற்கு டிக்கை மட்டும் எடுங்கள், அழிக்காதீர்கள். ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, தகராறு வந்தால் டிக்கைத் திரும்பப் போட்டுவிடலாம்.

அடுத்த இதழுக்கு எழுதுகிறவர்கள் 'ஸ்லோவாக இருக்கிறது' என்று மட்டும் எழுதாமல் விண்டோஸ் பதிப்பு, ராம் எத்தனை ஜிபி, ஹார்டு டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்ற மூன்றையும் எழுதுங்கள். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் பின் இரண்டும் இருக்கும். பிழைச் செய்தி வந்தால் மொபைலில் படம் எடுத்து அனுப்புங்கள். அதிலுள்ள எண் தெரிய வேண்டும், திரையில் தெரியும் உங்கள் முகம் வேண்டாம்.